வழிகாட்டியும் பாலமும்

மாடி வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழ்த்தளத்துக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், இரண்டு கொம்புகளை நீட்டிக்கொண்டு ஒரு சிறு பெட்டி இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழை அதில் வந்து முடிகிறது. வீட்டார் அதை ‘வைஃபை பெட்டி’ என்கிறார்கள். கடைக்காரர் ‘ரவுட்டர்’ என்கிறார். கீழ்த்தளத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மாடியறையில்தான் தொல்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் குறுக்கே நிற்பதால் அலைகள் அங்கே போய்ச் சேருவதற்குள் மெலிந்துவிடுகின்றன. பிளஸ் ஒன் படிக்கும் அக்கா பார்க்கும் பாடக் காணொளி நின்று நின்று ஓடுகிறது.

அப்பா இன்னொரு ரவுட்டர் வாங்கி வருகிறார். கீழ்ப் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை மாடிக்கு இழுத்து, புதிய பெட்டியில் ‘இன்டர்நெட்’ என்று எழுதியுள்ள துளையில் செருகுகிறார். மாடியில் இப்போது அலைகள் பலமாகக் கிடைக்கின்றன. காணொளி தடையில்லாமல் ஓடுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மறுவாரம் ஓர் அச்சுப்பொறி வாங்கி மாடியறையில் வைத்து, மாடிப் பெட்டியோடு இணைக்கிறார்கள். அக்கா மாடியிலிருந்து அனுப்பினால் தாள் வருகிறது. அப்பா கீழ்த்தளத்திலிருந்து அனுப்பினால், ‘அச்சுப்பொறி எதுவும் காணப்படவில்லை’ என்று கணிப்பொறி கையை விரிக்கிறது. அந்தக் கணிப்பொறியால் அமெரிக்காவிலுள்ள நூலகத்தின் பட்டியலைப் பார்க்க முடிகிறது. பத்து மீட்டர் உயரத்தில், அதே வீட்டில் இருக்கும் அச்சுப்பொறியை எட்ட முடியவில்லை! பொருள் எதுவும் பழுதில்லை. கம்பியும் சரியாகவே இருக்கிறது. பிறகு ஏன் இப்படி?

மாணவ நண்பர்களே, இது பல வீடுகளில் நடக்கும் சங்கதி. ஒரு கம்பியை ஒரு துளையிலிருந்து எடுத்து இன்னொரு துளையில் செருகி, ஓர் அமைப்பை நிறுத்திவிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் ஏன் தீர்கிறது என்று தெரிய வேண்டுமானால், வழிகாட்டி, பாலம் என்ற இரண்டு கருவிகளுக்கும் உள்ள வேற்றுமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ரவுட்டர்’ என்பதன் பொருள் வழிகாட்டி. ‘பிரிட்ஜ்’ என்பது பாலம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிகள்தாம். செய்யும் வேலையோ முற்றிலும் வேறு.

கடிதமும் தபால் பையும்

நீங்கள் திருநெல்வேலியிலிருந்து சென்னையிலுள்ள நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். உறையின்மேல் அவன் பெயர், கதவு எண், தெரு, ஊர், ஆறு இலக்கப் பின்கோடு எல்லாம் இருக்கின்றன. நம் நாட்டில் பின்கோடு 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே கடிதம் நாட்டின் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அந்தக் கடிதம் தனியாகப் பயணம் செய்வதில்லை. அதை ஒரு பையில் போட்டுக் கட்டி, பையின் கழுத்தில் ஒரு சீட்டைத் தொங்கவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் உங்கள் நண்பனின் பெயர் இராது. அடுத்து எந்த நிலையத்தில் பையை இறக்க வேண்டும் என்பது மட்டுமே இருக்கும். அங்கே பையைப் பிரித்து, கடிதங்களைப் பார்த்து வகைப்படுத்தி, வேறு பைகளில் போட்டு, வேறு சீட்டுகளைக் கட்டி அனுப்புவார்கள். கடிதத்தின் முகவரி கடைசிவரை மாறாது. பையின் சீட்டு மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் மாறிக்கொண்டே போகும்.

கணிப்பொறிகள் அனுப்பும் செய்திகளும் இப்படித்தான் செல்கின்றன. கடிதத்தின் மேலுள்ள முகவரிக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். 192.168.1.5 என்பதுபோல் நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதுவார்கள். பையின் சீட்டிலுள்ள முகவரிக்கு மேக் முகவரி என்று பெயர். இது 48 இருமக் குறிகள் கொண்ட எண். ஏறத்தாழ 281 லட்சம் கோடி வெவ்வேறு எண்களை இதில் எழுதலாம். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு மேக் முகவரியைப் பதித்து அனுப்புகிறார்கள். நம் பெயரைப் போல, எந்த ஊருக்குக் குடிபோனாலும் அது கூடவே வரும். ஐ.பி. முகவரியோ வீட்டு முகவரியைப் போன்றது. வீடு மாறினால் அதுவும் மாறும். (இப்போது வரும் கைப்பேசிகள், தம்மைப் பிறர் பின்தொடரக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான மேக் முகவரியைச் சொல்கின்றன. புனைபெயரில் எழுதும் எழுத்தாளர்களைப் போல!)

பாலம் பையைப் பிரிப்பதே இல்லை. கழுத்துச் சீட்டை மட்டும் பார்த்து, ‘இது இந்தப் பக்கம்’, ‘இது அந்தப் பக்கம்’ என்று தள்ளிவிடுகிறது. வழிகாட்டியோ பையைப் பிரித்து, உள்ளேயுள்ள கடிதத்தின் முகவரியைப் படித்து, அடுத்த வழியைத் தீர்மானித்து, புதிய பையில் போட்டு அனுப்புகிறது. வேற்றுமை இவ்வளவே. ஆனால் இதிலிருந்து கிளைக்கும் விளைவுகள் பல.

பாலம் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

பாலத்திற்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. விலைக்கு வாங்கிச் செருகினால் போதும், அதுவாகவே கற்றுக்கொள்ளும். எப்படித் தெரியுமா?

ஒரு புதிய வாத்தியார் வகுப்புக்கு வருகிறார். மாணவர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. ‘முருகன் யார்?’ என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி கூப்பிடுகிறார். வலப்பக்கத்திலிருந்து ‘இதோ, ஐயா’ என்று குரல் வருகிறது. அடுத்த முறை அவர் வலப்பக்கம் மட்டும் திரும்பிப் பேசினால் போதும். பாலமும் இதையே செய்கிறது. ஒவ்வொரு பையின் சீட்டிலும் பெறுபவர், அனுப்புபவர் ஆகிய இருவரின் மேக் முகவரிகளும் இருக்கும். பை எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்தில்தான் அனுப்பியவர் இருக்கிறார் என்று பாலம் தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பெறுபவர் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் அனுப்புகிறது. இல்லாவிட்டால் எல்லாப் பக்கங்களிலும் அனுப்பிவைக்கிறது. உரியவர் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது வழக்கம். அவர் வேறு பக்கம் போயிருக்கலாம் அல்லவா?

இதன் பயன் என்ன? பாலத்தின் இரு பக்கமும் இருப்பவர்களுக்குப் பாலம் இருப்பதே தெரியாது. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் ‘இங்கே அச்சுப்பொறி இருக்கிறதா?’ என்று உரக்கக் கேட்டால், அந்தக் குரல் பாலத்தைத் தாண்டி மறுபக்கமும் போகும். நம் மாடி வீட்டுக் கதைக்கு இது முக்கியம்; நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில்லாமல் சுற்றும் பை

இவ்வளவு எளிய கருவிக்கு ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. இரண்டு பாலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒன்றுக்கு இரண்டு வழியாக, ஒரு கம்பியாலும் ஒரு கம்பியில்லா இணைப்பாலும், இணைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் எல்லோருக்குமாக ஒரு செய்தி அனுப்புகிறார். முதல் பாலம் அதை இரண்டு வழியாகவும் அனுப்பும். இரண்டாவது பாலம் ஒரு வழியில் வந்ததை மறு வழியில் திருப்பி அனுப்பும். அது மீண்டும் முதல் பாலத்திற்கு வரும். அது மீண்டும் அனுப்பும். செய்தி சுற்றிச் சுற்றி வரும். பையின் சீட்டில் ‘இத்தனை முறைதான் கைமாறலாம்’ என்று எழுத இடமே கிடையாது. ஆகவே சுற்றலுக்கு முடிவும் கிடையாது. சில நொடிகளில் வலையமைப்பு முழுவதும் இந்தப் பைகளே நிறைந்து, வேறு எதுவும் நகர முடியாமல் நின்றுவிடும். இதைப் பொறியாளர்கள் ‘புயல்’ என்றே அழைக்கிறார்கள்.

இதற்கு வழி கண்டவர் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. 1985-ஆம் ஆண்டு அவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பாலங்கள் தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, தலைவரிடமிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழி இருக்கும்படி மற்ற வழிகளை மூடிவிட வேண்டும் என்பது அவர் கண்ட முறை. மரத்தை நினைத்துப் பாருங்கள். அடிமரத்திலிருந்து எந்த இலைக்கும் ஒரே வழிதான் உண்டு. கிளைகள் பிரியுமே தவிர மறுபடி சேர்ந்து வட்டமாவதில்லை. திறந்திருக்கும் வழி அறுந்துபோனால், மூடிய வழிகளில் ஒன்றைப் பாலங்களே திறந்துகொள்ளும். மேலாளர் ஒரு வாரம் விடுமுறையில் போயிருந்த சமயத்தில் பெர்ல்மன் இதை முடித்துவிட்டார். மிச்சமிருந்த நாட்களில் அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதி வைத்தார்! இன்றும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இந்த முறையும் இதன் வழிவந்த முறைகளும் பயனில் இருக்கின்றன. ஆனால் விலை குறைந்த வீட்டுப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இது இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரே இரு பெட்டிகளைக் கம்பியாலும் அலையாலும் சேர்த்து இணைக்காமல் இருப்பதே நல்லது.

வழிகாட்டியிடம் இந்தத் தொல்லை இல்லை. கடிதத்தின் மேல் ஒரு சிறு எண் இருக்கிறது; 64 என்றோ 128 என்றோ தொடங்கும். ஒவ்வொரு வழிகாட்டியும் அதில் ஒன்றைக் கழிக்கிறது. சுழியாகிவிட்டால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடும். வழி தவறிய கடிதம் உலகைச் சுற்றிக்கொண்டே இராது.

வாசலில் நிற்கும் வழிகாட்டி

உலகிலுள்ள எல்லாக் கணிப்பொறிகளையும் பாலங்களாலேயே இணைத்துவிட்டால் என்ன? ஒவ்வொரு பாலமும் கோடிக்கணக்கான மேக் முகவரிகளை நினைவில் வைக்க வேண்டிவரும். பெயரை மட்டும் எழுதி, ஊரை எழுதாத கடிதங்களை இந்தியா முழுவதும் பட்டுவாடா செய்வதுபோல ஆகிவிடும். ஒருவர் உரக்கக் கேட்டால் உலகம் முழுவதும் கேட்கும். ஆகவேதான் வலையமைப்புகளைத் தனித்தனியாக வைத்து, அவற்றின் எல்லையில் வழிகாட்டிகளை நிறுத்துகிறார்கள். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் தொடங்கியபோதே இவற்றின் முன்னோடிகள் பிறந்துவிட்டன. குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருந்த அந்த எந்திரத்தின் வேலையைத்தான் இன்று உங்கள் வீட்டுச் சிறு பெட்டி செய்கிறது.

வீட்டு வழிகாட்டிக்கு இன்னும் ஒரு கடமை உண்டு. நான்கு எண்கள் கொண்ட ஐ.பி. முகவரிகளின் மொத்த எண்ணிக்கை 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. மக்கள் தொகையை எண்ணிப் பாருங்கள். தலைக்கு ஒன்றுகூட வராது. எனவே 1994-ஆம் ஆண்டில் ஒரு தந்திரத்தை வகுத்தார்கள். வீட்டுக்கு ஒரே ஒரு வெளி முகவரி. வீட்டுக்குள் இருப்பவற்றுக்கு, வெளியுலகில் செல்லாத உள்முகவரிகள். 192.168 என்று தொடங்குபவை அப்படி ஒதுக்கப்பட்ட உள்முகவரிகளே. உங்கள் வீட்டிலும் எதிர் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், குழப்பம் வராது. ஒவ்வொரு விடுதியிலும் ஐந்தாம் எண் அறை இருப்பதைப் போலத்தான்.

விடுதி என்றதும் வாயிற்காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து ஒரு மாணவன் வெளியே கடிதம் அனுப்பினால், காவலர் அவன் அறை எண்ணை நீக்கிவிட்டு விடுதியின் முகவரியை எழுதி அனுப்புகிறார். யார் எதை அனுப்பினார்கள் என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரிய அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஆனால் யாரும் எழுதிக் கேட்காமலே ஒரு கடிதம் வந்தால்? எந்த அறைக்கு என்று அவருக்குத் தெரியாது. ஓரமாகப் போட்டுவிடுவார். வெளியிலிருந்து முன்பின் அறியாதவர்கள் உங்கள் வீட்டுக் கணிப்பொறியைத் தட்ட முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மாடி வீட்டுக்கு வாருங்கள்

அப்பா மாடியில் வைத்தது இரண்டாவது வழிகாட்டி. அதாவது, விடுதிக்குள்ளேயே இன்னொரு விடுதி. அதன் வாசலிலும் ஒரு காவலர்! கீழே உள்ளவர்களின் முகவரிகள் 192.168.1 என்று தொடங்குகின்றன. மாடியில் உள்ளவர்களுக்குப் புதிய பெட்டி 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு ஊர்கள்.

மாடியிலிருந்து வெளியே போகும் கடிதங்கள் இரண்டு காவலர்களையும் கடந்து போகின்றன. பதில்களும் அப்படியே திரும்பி வருகின்றன. அதனால் அக்காவுக்குக் குறையில்லை. ஆனால் கீழே இருக்கும் கணிப்பொறி ‘அச்சுப்பொறி இருக்கிறதா?’ என்று உரக்கக் கேட்டால், அந்தக் குரல் மாடி வழிகாட்டியின் வாசலோடு நின்றுவிடுகிறது. வழிகாட்டி பொதுக்கூச்சலைக் கடத்தாது. சரி, அச்சுப்பொறியின் எண்ணையே கொடுத்துவிட்டால்? 192.168.0 என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று கீழ் வழிகாட்டிக்குத் தெரியாது. மாடிக் காவலரின் குறிப்பேட்டிலும் அப்படி ஒரு கடிதம் எதிர்பார்த்ததாகப் பதிவில்லை. ஆக, அச்சுப்பொறி பத்து மீட்டரில் இருந்தும் எட்டாக் கனியாகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக, அச்சுப்பொறி கீழே இருந்து, அக்கா மாடியிலிருந்து அதன் எண்ணைக் கொடுத்துக் கூப்பிட்டால் கிடைத்துவிடும். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ஒருவழிப் பாதை!

மாடியில் வேண்டியிருந்தது வழிகாட்டி அன்று, பாலம். அதற்காக வேறு பெட்டி வாங்க வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் வேடிக்கை.

நாம் ரவுட்டர் என்று சொல்லும் பெட்டியைத் திறந்து பார்த்தால் (கண்ணால் அன்று, அறிவால்) உள்ளே பல கருவிகள் குடியிருப்பது தெரியும். ஒன்று வழிகாட்டி. மற்றொன்று, பின்பக்கமுள்ள மூன்று நான்கு துளைகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச். அது பல கைகள் கொண்ட பாலமே. இன்னொன்று, காற்றில் வரும் அலைகளையும் கம்பியில் வரும் குறிகளையும் இணைக்கும் அணுகுமுனை. கடைகளில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று கேட்டால் கிடைக்கும். அதுவும் ஒரு பாலம்தான்; ஒரு கரை கம்பி, மறு கரை காற்று. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முகவரி வழங்கும் எழுத்தர் ஒருவரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஆகவே ‘கம்பியில்லா வழிகாட்டி’ ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு ‘கம்பியில்லாப் பாலம்’ இருக்கிறது.

‘இன்டர்நெட்’ என்ற துளை மட்டும் வழிகாட்டியின் வாசல். மற்றத் துளைகள் பாலத்தைச் சேர்ந்தவை. கீழிருந்து வரும் கம்பியை மாடிப் பெட்டியின் இன்டர்நெட் துளையிலிருந்து எடுத்து, மற்றத் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வழிகாட்டி வேலையிழந்து ஒதுங்கிவிடும். பாலம் மட்டும் வேலை செய்யும். ஆனால் அதற்கு முன்பு இரண்டு காரியங்களை முடித்துக்கொள்ள வேண்டும். மாடிப் பெட்டியின் முகவரி எழுத்தரை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு எழுத்தர்கள் முரணான முகவரிகளை வழங்கி, வீடே குழம்பிவிடும். அந்தப் பெட்டியின் சொந்த முகவரியையும் கீழ்ப் பெட்டியின் முகவரியோடு மோதாமல், அதே 192.168.1 என்ற ஊருக்குள் மாற்றி வைக்க வேண்டும். பல பெட்டிகளில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இவை அனைத்தும் தாமாகவே நடந்துவிடும். அப்படிப்பட்ட பெட்டிகளில் கம்பியை எந்தத் துளையில் செருகுவது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. கீழ்ப் பெட்டியில் ‘பிரிட்ஜ் மோடு’ என்று ஒரு தெரிவைக் காணலாம். அதைத் தொட்டால் கீழ்ப் பெட்டி வழிகாட்டும் வேலையை விட்டுவிட்டு, தெருவிலிருந்து வருவதை அப்படியே அடுத்த பெட்டிக்குக் கடத்தும். அப்போது மாடிப் பெட்டிதான் வீட்டின் ஒரே வழிகாட்டியாக இருக்க வேண்டும். தெரியாமல் இரண்டையும் பாலமாக்கிவிட்டால், வாசலில் காவலரே இல்லாமல் போய்விடும்; வீட்டில் ஒருவருக்கும் இணையம் கிடைக்காது. பெயர் வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

காற்றில் கட்டும் பாலம்

மாடிக்குக் கம்பி இழுக்க வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டிகளையும் அலைகளாலேயே இணைக்க முடியுமா? முடியும். இதைத்தான் கம்பியில்லாப் பாலம் என்று முழுப் பொருளில் சொல்கிறோம். ஆனால் இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு.

வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்ற விதிமுறை 1997-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி, கைப்பேசி போன்ற ஒரு கருவி அணுகுமுனைக்கு அனுப்பும் பையின் சீட்டில் மூன்று மேக் முகவரிகள் இருக்கும்: கருவியின் முகவரி, அணுகுமுனையின் முகவரி, இறுதியில் போய்ச் சேர வேண்டிய முகவரி. கைப்பேசி தனக்காக மட்டுமே பேசுவதால் மூன்று போதும். ஆனால் மாடிப் பெட்டி தனக்காகப் பேசவில்லை. தன் பின்னால் இருக்கும் அச்சுப்பொறிக்காகப் பேசுகிறது. அப்போது எழுதியவர், கொண்டுவந்து கொடுப்பவர், வாங்கிக்கொள்பவர், உரியவர் என்று நான்கு பேர் ஆகிவிடுகிறார்கள். மூன்று இடத்தில் நான்கு பேரை எழுதுவது எப்படி?

விதிமுறையில் நான்காவது முகவரிக்கும் இடம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் வகையை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறாகச் செய்தன. எனவேதான் ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகள் காற்றில் எளிதாகக் கைகோத்துக்கொள்கின்றன. வெவ்வேறு நிறுவனத்துப் பெட்டிகள் சில வேளைகளில் முரண்டு பிடிக்கின்றன. ‘மெஷ்’ என்று இரண்டு மூன்று பெட்டிகளைத் தொகுப்பாக விற்கிறார்களே, அவற்றில் இந்தச் சங்கடம் இல்லாததற்கு ஒரே கை செய்த பெட்டிகள் என்பதும் ஒரு காரணம்.

இன்னொரு சங்கடம் வேகம். காற்று எல்லோருக்கும் பொது. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இந்த உண்மையை 1971-ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் அலோஹாநெட் என்ற வானொலி வலையமைப்பை அமைத்தபோதே கண்டார்கள். இரு நிலையங்கள் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டும் வீண். மாடிப் பெட்டி ஒரே வானொலியால் கீழிருந்து ஒரு செய்தியைக் கேட்டு, பிறகு அதையே அக்காவின் கைப்பேசிக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு செய்தியைச் சொல்ல இரண்டு செய்திகளின் நேரம் ஆகிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இரண்டு வானொலிகள் உள்ள பெட்டி, 5 கிகாஹெர்ட்ஸில் கீழ்ப் பெட்டியோடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் கைப்பேசியோடும் பேசி இதைத் தவிர்க்கலாம். என்னைக் கேட்டால், சுவரில் ஒரு துளையிட்டுக் கம்பியை இழுத்துவிடுவதே மேல் என்பேன். கம்பி மழைக்கும் அஞ்சாது; அடுத்த வீட்டு வைஃபைக்கும் அஞ்சாது.

நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உரிமம் இல்லாமல் வீட்டுக்கு வெளியிலும் பயன்படுத்த 2005 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. எதிரெதிரே இரண்டு திசை ஆன்டெனாக்களை உயரத்தில் நிறுத்தினால் அதே வைஃபை அலைகள் பல கிலோமீட்டர் போகும். தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரக் கிராமங்களிலுள்ள தன் பார்வை மையங்களை அந்த ஆண்டுகளில் இப்படித்தான் இணைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று இதில் துணை செய்தது. கிராமத்து நோயாளி பஸ் ஏறாமலே, தேனியில் இருக்கும் மருத்துவரிடம் காணொளி வழியாகத் தம் கண் குறையைச் சொல்ல முடிந்தது.

இதிலும் ஒரு வேடிக்கையான தடை இருந்தது. வைஃபையில் ஒவ்வொரு செய்தியும் கிடைத்ததென்று மறுமுனை உடனே ஒப்புதல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், செய்தி தொலைந்தது என்று எண்ணி மீண்டும் அனுப்பும். வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் செல்லும். வீட்டுக்குள் இது ஒரு பொருட்டே அன்று. 15 கிலோமீட்டர் தொலைவென்றால் போக 50, வர 50, ஆக 100 மைக்ரோ நொடி ஆகிவிடும். ஒப்புதல் வழியிலேயே வந்துகொண்டிருக்கும். அதற்குள் பெட்டி பொறுமை இழந்து மறுபடியும் அனுப்பும்! ஆகவே அந்த விஞ்ஞானிகள் பெட்டியின் நிரலையே மாற்றி, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி செய்தார்கள். இத்தகைய முயற்சிகளின் பயனாக 2007-ஆம் ஆண்டில் வெனிசுலா நாட்டில் இரண்டு மலைகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தொலைவுக்கு வைஃபை அலைகளை அனுப்பிக் காட்டினார்கள்.

எதிர் வீட்டுச் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும்

எதிர் வீட்டில் சித்தப்பா குடியிருக்கிறார். இரு வீட்டுக்கும் ஒரே அச்சுப்பொறி, ஒரே கேமராப் பெட்டி என்றால், பாலம் போடுவது சரி. இரண்டு வீடும் ஒரே கூடமாகிவிடும். ஆனால் ‘ஒரே கூடம்’ என்பதன் முழுப் பொருளையும் எண்ணிப் பாருங்கள். பாலத்தின் மறுகரையில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் உங்கள் வீட்டுக்குள் இருப்பதற்குச் சமம். அங்கே ஒரு கணிப்பொறியில் தீநிரல் ஒன்று புகுந்தால், அது உங்கள் கணிப்பொறியின் கதவை நேராகவே தட்டும். நடுவில் காவலர் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கோ வந்துபோகும் விருந்தினருக்கோ இணையம் மட்டும் கொடுத்தால் போதும் என்றால், இடையில் ஒரு வழிகாட்டியை நிறுத்துவதே முறை. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாடி வீட்டுக் கதையில் பார்த்தபடி, உள் விடுதியிலிருந்து வெளி விடுதியை எட்ட முடியும். வெளியிலிருந்துதான் உள்ளே வர முடியாது. ஆகவே விருந்தினரை உள் வழிகாட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பது தவறு. பாதுகாக்க வேண்டிய உங்கள் பொருள்கள்தாம் அங்கே இருக்க வேண்டும். பல பெட்டிகளில் ‘கெஸ்ட்’ என்ற தெரிவு இருப்பது இந்த வேலையை எளிதாக்கத்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபை பெட்டிகள் இருந்தால், கைப்பேசியின் வைஃபை அமைப்பைத் திறந்து, அதிலுள்ள ஐ.பி. முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றப் பெட்டியின் அருகே போய், அதனோடு இணைத்து, மறுபடியும் எழுதுங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாகவே இருந்தால் நடுவில் இருப்பது பெரும்பாலும் பாலம். மூன்றாவது எண் மாறினால் அங்கே ஒரு வழிகாட்டி நிற்கிறது.

கணிப்பொறி இருந்தால் இன்னும் சுவையான சோதனை ஒன்று செய்யலாம். வழிகாட்டி ஒவ்வொன்றும் கடிதத்தின் எண்ணில் ஒன்றைக் கழித்து, சுழியானால் கிழித்துப் போட்டுவிடும் என்றோமல்லவா? கிழித்த செய்தியைத் தன் முகவரியோடு அனுப்பியவருக்குத் தெரிவிப்பதும் அதன் வழக்கம். ‘டிரேஸ்ரூட்’ என்ற நிரல் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறது. முதலில் 1 என்று எழுதி ஒரு கடிதம் அனுப்புகிறது. முதல் வழிகாட்டி கிழித்துப் பதில் சொல்கிறது. பிறகு 2, பிறகு 3. இப்படி வழியிலுள்ள வழிகாட்டிகளின் பெயர்ப்பட்டியல் வரிவரியாகத் திரையில் வருகிறது. பதில் சொல்லாதவற்றுக்கு நட்சத்திரக் குறி விழும். பாலங்கள் எத்தனை இருந்தாலும் இந்தப் பட்டியலில் வாரா. அவை கடிதத்தைத் தொடுவதே இல்லையே! பட்டியலின் முதல் வரி மட்டும் 192.168 என்று தொடங்கினால் உங்கள் வீட்டில் ஒரு வழிகாட்டி. முதல் இரண்டு வரிகளும் அப்படித் தொடங்கினால், பெரும்பாலும் மாடிப் பெட்டியின் கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.